மதுரையில் வாட்ச் சேகரிப்பாளர்களின் மாலைச் சந்திப்பு: எப்படி அமைப்பது, எங்கே சேதம் வரும்?

கேள்வி இது: மதுரை, திருமங்கலம், மேலூர், திண்டுக்கல் பக்கமிருந்து பதினைந்து பேர். எச்.எம்.டி. ஜனதாவில் தொடங்கி ஒமேகா, ரோலெக்ஸ் வரை வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மாலை ஓரிடத்தில் கூடி, ஒருவர் வாட்சை மற்றவர் கையிலெடுத்துப் பார்க்க ஆசை. இடம், மேசை, நேரம், பாதுகாப்பு எல்லாம் எப்படி அமைப்பது?

திருட்டைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுவார்கள். அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இப்படியான மாலையில் சேதம் நடப்பது மேசை மேல்தான், அதுவும் ஆசையோடு எடுத்துப் பார்ப்பவர் கையால்தான். அதனால் ஒவ்வொரு முடிவையும் எடுக்கும்போது, அந்த நேரத்தில் வாட்ச் யார் கையில், எந்த மேசை மேல் இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

பதினைந்து பேரைப் பன்னிரண்டாகக் குறையுங்கள். முடியாவிட்டால் இரண்டு மாலையாகப் பிரியுங்கள். ஆளுக்கு மூன்று வாட்ச், அதற்கு மேல் வேண்டாம். 12 பேர், 36 வாட்ச். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலே 108 நிமிடம் ஆகிவிடும். ஆளுக்கு ஆறு கொண்டுவரச் சொன்னால் யாரும் எதையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள். பெட்டியைத் திறந்து காட்டி மூடுவதோடு மாலை முடிந்துவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில் அவசரம் வரும், அவசரத்தில்தான் வாட்ச் கீழே விழும்.

மாலைக்கு ஒரு பேசுபொருள் வைத்துக்கொள்வது நல்லது. "உங்களிடம் இருப்பதில் விலை உயர்ந்ததைக் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜனதா வைத்திருப்பவர் அடுத்த முறை வர மாட்டார், இழப்பு உங்களுக்குத்தான். நம் ஊரில் பேசத் தகுந்த பொருள் நிறைய உண்டு. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யை மட்டும் வைத்தே ஒரு மாலை நடத்தலாம். 17 ஜுவல் கொண்ட சாவி கொடுக்கும் ஜனதா, பைலட், கோஹினூர் ஒரு பக்கம்; கை அசைவிலேயே சாவி ஏறும் காஞ்சன், ரஜத் போன்ற ஆட்டோமேட்டிக் மறுபக்கம். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு அந்த நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்த பிறகு, உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சே ஒரு மணி நேரம் ஓடும். இன்னொரு மாலைக்கு 1969-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். ஜெனித் எல் பிரிமெரோ, ஹோயர்–பிரைட்லிங் கூட்டணியின் கேலிபர் 11, சீக்கோ 6139 என்று ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்கள் வந்ததும், டிசம்பர் 25 அன்று பேட்டரியில் ஓடும் சீக்கோ அஸ்ட்ரான் குவார்ட்ஸ் வந்ததும் அந்த ஒரே ஆண்டில்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு டைட்டன் ஒரு பேசுபொருள்: டாடாவும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது, ஓசூர்த் தொழிற்சாலை. 2002-ல் வந்த எட்ஜ் மாடலின் மெஷின், அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தின் கனம் 1.15 மி.மீ., முழு வாட்சும் 3.5 மி.மீ. சுவிஸ் வாட்சுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது கொஞ்சமும் தாழ்ந்து போகாது.

நாளும் இடமும். சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிருங்கள்; கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் வைகைப் பாலங்களிலும் வண்டி நகராது, விலை உயர்ந்த பொருளோடு நெரிசலில் நிற்க வேண்டிவரும். ஐப்பசி அடைமழைக் காலமும் சரியில்லை. கே.கே. நகர், அண்ணா நகர் போல வண்டி நிறுத்த வசதியுள்ள பகுதியில், ஒரே வாசல் கொண்ட சின்ன ஹால் அல்லது பெரிய வீட்டுக் கூடம் போதும். ஓட்டலில் வைத்தால் மூடிய அறையாக எடுங்கள். பரிமாறுபவர் அடிக்கடி உள்ளே வரும் அறை வேண்டாம். 5 மணிக்கே கூடுங்கள். டயலின் உண்மையான நிறம் இயற்கை வெளிச்சத்தில்தான் தெரியும், சூரியன் சாய்வதற்குள் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த விளக்கும் ஈடாகாது. அதற்குப் பிறகு 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான, நிறத்தைச் சரியாகக் காட்டும் தரத்தில் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. மேசை விளக்கைச் சாய்வாக வையுங்கள். கூரையில் நேர் மேலே எரியும் விளக்கு கண்ணாடியில் பட்டு டயலையே மறைத்துவிடும்.

மேசைதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்துப் பந்தி மேசை வேண்டாம். கால் மடங்கும் மேசை ஒருவர் சாய்ந்தாலே ஆடும். கனமான மர மேசை, உட்கார்ந்து பார்க்கும் உயரம். எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் விழும் உயரம் இரட்டிப்பாகிறது. மேசைக்கு அடியிலும் சுற்றிலும் இரண்டு மூன்று அடிக்குக் கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். நம் வீடுகளில் கிரானைட், மொசைக், டைல்ஸ் தரை. அதிர்வு தாங்கும் என்று சொல்லப்படும் வாட்சுக்கான சர்வதேசத் தரமே, கடினமான மரத்தரையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடியைத்தான் கணக்கில் கொள்கிறது. கல் தரையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதிர்வுத் தாங்கி இல்லாத பழைய வாட்சில், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். ஒரு விழுகையில் அது முறிந்தால், அதே அளவு அச்சைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

மேசை மேல் ஆளுக்கு ஒரு தட்டு. நகைக்கடைகள் பயன்படுத்துகிற, ஓரம் உயர்ந்த தட்டே இதற்குப் பொருத்தம். தெற்காவணி மூல வீதி நகைக்கடைப் பகுதியில் விசாரித்தால் கிடைக்கும். உள்ளே மெல்லிய மைக்ரோஃபைபர் துணி போடுங்கள். வெல்வெட் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மலிவான ஃபெல்ட் நூல் உதிர்க்கும், ஜரிகை போட்ட துணி தங்க முலாமைக் கீறும். தட்டில் வாட்சுக்கு வாட்ச் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஸ்டீல் செயினும் ஸ்டீல் செயினும் உரசினால் இரண்டுக்கும் கோடு விழும். ஹெசலைட் என்னும் பிளாஸ்டிக் கண்ணாடி உள்ள பழைய வாட்சைத் தனித் தட்டில் வையுங்கள். நகம் பட்டாலே கீறல் விழும், ஆனால் மெருகு போட்டால் போய்விடும். சஃபையர் கீறாது, ஓரத்தில் அடிபட்டால் சில்லு பெயரும், அதற்கு மருந்து இல்லை.

கை. வந்தவுடன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். மோதிரம், காப்பு, கைச்செயின் எல்லாம் கழற்றி ஒரு கிண்ணத்தில். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் விரலில் விபூதி ஒட்டியிருக்கும். அந்த நுண்ணிய சாம்பல் சாவியின், அதாவது பக்கத்தில் திருகும் குமிழின் இடுக்கிலும், கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் பெசல் வளையத்தின் அடியிலும் புகுந்தால் எளிதில் வராது, சுற்றும்போது நறநறவென்று சத்தம் கேட்கும். மல்லிகை தொட்ட கை, தலையெண்ணெய் தொட்ட கை இரண்டும் தோல் வாரில் கறை வைக்கும். சானிடைசர் வைக்காதீர்கள், அதிலுள்ள ஆல்கஹால் காய்வதற்குள் தொட்டால் தோலின் மெருகு போகும். வெள்ளைப் பருத்திக் கையுறை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் மெருகிட்ட உலோகம் அதில் வழுக்கும். சுத்தமான, காய்ந்த வெறுங்கையே பாதுகாப்பு.

இனி எல்லாவற்றிலும் கறாராக இருக்க வேண்டிய விதி: கைக்குக் கை கொடுக்கக் கூடாது. உரிமையாளர் வாட்சைத் தட்டில் வைக்கிறார், கையை எடுக்கிறார், அதன் பிறகே மற்றவர் எடுக்கிறார். திரும்பத் தரும்போதும் அப்படியே. கொடுப்பவர் "பிடித்துவிட்டார்" என்று நினைத்து விடுவதும், வாங்குபவர் "இன்னும் விடவில்லை" என்று நினைப்பதும் ஒரே நொடியில் நடக்கும். வயதில் பெரியவரிடம் தட்டில் வைத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவாகத் தெரியுமே என்று சிலர் தயங்குவார்கள். தொடக்கத்திலேயே எல்லோருக்கும் ஒரே விதி என்று அறிவித்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். பார்ப்பவரின் கை எப்போதும் தட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும், மார்புக்கு நேரே தூக்கிப் பார்க்கக் கூடாது. அதனால்தான் நகைக்காரர்களின் பத்து மடங்கு லென்ஸைவிட ஐந்து மடங்கு லென்ஸ் இந்த வேலைக்கு ஏற்றது. பத்து மடங்கில் பார்க்க வாட்சை லென்ஸிலிருந்து இரண்டரை செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து மடங்கில் ஐந்து செ.மீ. கிடைக்கும், மூச்சுப் பட்டு மங்குவதும் குறையும்.

உரிமையாளரைக் கேட்காமல் யாரும் சாவியைத் தொடக் கூடாது. இதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. திருகி மூடும் சாவி உள்ள வாட்சில் அது தெரியாமல் இழுப்பவர் உண்டு. திரும்ப மூடும்போது மரை கோணலாக ஏறினால் குழாயையே மாற்ற வேண்டிவரும். கையில் கட்டியபடியே சாவி கொடுத்தால் தண்டு ஒரு பக்கமாக வளையும். ஆட்டோமேட்டிக் எல்லாவற்றுக்கும் சாவி கொடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது; சீக்கோவின் 7எஸ்26 மெஷினில் அந்த வசதியே இல்லை, எத்தனை சுற்றினாலும் ஒன்றும் ஏறாது. "அதிகம் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் போய்விடும்" என்ற பயமும் பாதிதான் சரி. சாவி கொடுக்கும் வாட்சில் முழுதும் ஏறியதும் தடுப்பு தெரியும், அங்கே நிறுத்தினால் போதும். முழுச் சாவியோடு ஓடாமல் நிற்கும் வாட்ச் பெரும்பாலும் அழுக்கேறி, எண்ணெய் உறைந்து நிற்கிறது. அதைத் தட்டியும் குலுக்கியும் ஓட வைத்தால் உலர்ந்த அச்சுதான் தேயும்.

மாலைச் சந்திப்புக்கே உரிய ஒரு ஆபத்து இங்கே இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. தேதி காட்டும் பெரும்பாலான வாட்சுகளில் இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை, தேதித் தட்டை நகர்த்தும் பல் அதன் பற்களோடு கோத்திருக்கும். அந்த நேரம் முள் காட்டும்போது விரைவுத் தேதி மாற்றத்தைச் சுழற்றினால் பல் ஒடியும் அல்லது வளையும். உங்கள் கூட்டம் கலைவது சரியாக அந்த நேரத்தில். கிளம்பும் அவசரத்தில் "தேதி தப்பா இருக்கே" என்று ஒருவர் திருப்புவார். நின்றுபோன வாட்சில் இன்னும் மோசம், அது காட்டுவது காலையா இரவா என்று தெரியாது. சரியான முறை: முள்ளை முன்னோக்கிச் சுற்றித் தேதி மாறுகிறதா பாருங்கள், மாறினால் அது நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுவாருங்கள். விரைவு மாற்றத்தில் நேற்றைய தேதியை வையுங்கள். பிறகு முள்ளைச் சுற்றி இன்றைக்கு வாருங்கள். கிழமையும் தேதியும் காட்டும் எச்.எம்.டி., சீக்கோ 5 போன்றவற்றுக்கும் இதே முறைதான். இரவு எட்டரைக்கு மேல் தேதி வேலை கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

குரோனோகிராஃப் ஓடும்போது பூஜ்யத்துக்குத் திருப்பும் பொத்தானை அழுத்தக் கூடாது. ஓடும்போதே திருப்பும்படி செய்த ஃப்ளைபேக் வகைக்கு மட்டும் விலக்கு. முதலில் நிறுத்தம், பிறகு பூஜ்யம். ஜேகர்-லேகூல்ட்ர் ரிவெர்சோ யாரிடமாவது இருந்தால், உரிமையாளர் ஒரு முறை திருப்பிக் காட்டட்டும். 1931-ல் இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாமல் இருக்க உண்டான வாட்ச் அது. பக்கவாட்டில் நகர்த்தித்தான் கவிழ்க்க வேண்டும். தெரியாதவர் மேல்நோக்கி நெம்புவார்.

காந்தம். மேசை மேல் ப்ளூடூத் ஸ்பீக்கர், காந்த மூடியுள்ள போன் உறை, காந்தக் கொக்கி வைத்த கைப்பை எதுவும் வேண்டாம். காந்தத்தைத் தாங்கும் வாட்சுக்கான சாதாரணத் தரம் மீட்டருக்கு 4,800 ஆம்பியர்தான், அதாவது சுமார் 60 காஸ். ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போல் அது எளிதாகத் தாண்டும், ஒரு சாண் தள்ளினால் வெகுவாகக் குறைந்துவிடும். காந்தம் ஏறிய வாட்சில், பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்தும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சின்னத் திசைகாட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்சை அருகே கொண்டுபோனால் முள் துடிப்பது தெரியும். காந்தம் நீக்கும் கருவியில் வாட்சை வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக ஒரு முழம் தள்ளி எடுத்து, அதன் பிறகே பொத்தானை விட வேண்டும். அருகில் இருக்கும்போதே விட்டால் காந்தம் இன்னும் கூடும். குவார்ட்ஸ் வாட்சை அதில் வைக்காதீர்கள், அதன் மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது.

மாலையின் சுவையான பகுதி, வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் மேசை. இதைத் தனி மூலையில், மின்விசிறிச் சத்தமும் பேச்சும் எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் மைக் துடிப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் கணக்குப் போடுகிறது. முழுச் சாவி கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து அளக்கவும். டயல் மேல்நோக்கி, டயல் கீழ்நோக்கி, சாவி கீழ்நோக்கி என்று குறைந்தது மூன்று நிலை, ஒவ்வொன்றிலும் கோடு நிலைக்க அரை நிமிடம். தொடங்கும் முன் லிஃப்ட் ஆங்கிளை, அதாவது வீச்சைக் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவை) கணக்கிடக் கருவிக்குக் கொடுக்கும், மெஷினுக்கு மெஷின் மாறும் கோணத்தைச் சரியாக வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் கருவி 52 பாகையில் இருக்கும். ஈ.டி.ஏ. 2824 மெஷினுக்கு 50, வால்ஜூ 7750-க்கு 49, சீக்கோ 7எஸ்26-க்கு 53, ஒமேகா கோ-ஆக்சியலுக்கு 38. கோ-ஆக்சியலை 52-ல் அளந்து, வீச்சு தாறுமாறாக இருக்கிறதே என்று நல்ல வாட்சைச் சந்தேகிப்பது அடிக்கடி நடக்கிறது.

எண்களைப் படிக்கும் விதம்: முழுச் சாவியில் படுத்த நிலையில் வீச்சு 270 முதல் 310 பாகை வரை இருந்தால் ஆரோக்கியம். செங்குத்தாக வைத்த நிலையில் 20 முதல் 40 வரை குறைவது இயல்பு. 200-க்குக் கீழே போனால் ஆயில் சர்வீஸ் தேவை. திரையில் இரண்டு கோடுகள் விலகி இணையாக ஓடினால் துடிப்பு சமமில்லை, அந்த வித்தியாசம் 0.8 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது. புள்ளிகள் சிதறினால் அழுக்கு. வீச்சு நன்றாக இருந்து திடீரென்று பெரிதாக முந்தினால் முதலில் காந்தத்தைப் பாருங்கள். துல்லியத்துக்கான சுவிஸ் குரோனோமீட்டர் சான்று நாளுக்கு –4 முதல் +6 நொடி வரை அனுமதிக்கிறது. ஐந்து நிலை, 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலை, பதினைந்து நாள் சோதனை. மணிக்கு 18,000 துடிப்பு கொண்ட அரை நூற்றாண்டு பழைய ஜனதாவை அந்த அளவுகோலில் வைத்துக் கேலி பேச விடாதீர்கள். நல்ல சர்வீசுக்குப் பிறகு அது நாளுக்கு அரை நிமிடத்துக்குள் நின்றால் பெருமைப்படலாம். குவார்ட்ஸில் நொடி முள் நான்கு நொடிக்கு ஒரு முறை துள்ளினால் பேட்டரி முடிகிறது என்று அர்த்தம், பழுது இல்லை.

டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் இன்னும் மெக்கானிக்கல் வாட்சில் வேலை செய்யும் பெரியவர் யாரேனும் தெரிந்திருந்தால் விருந்தினராக அழையுங்கள். அவர் நேரத்துக்கு உரிய தொகையைக் கவரில் வைத்துக் கொடுங்கள். அழைத்துவிட்டு இலவசமாகப் பத்து வாட்சைப் பார்க்கச் சொல்வது தவறு. பின்மூடியைத் திறக்கச் சொல்லவும் வேண்டாம். தூசி, வியர்வை, ஈரக் காற்று, நாலு பேர் மூச்சு என்று எல்லாம் சேரும் இடம் அது. அதோடு ரப்பர் வளையம் ஒரு முறை பிசகினால் தண்ணீர் புகாத தன்மை போயிற்று, வெளியே பார்த்தால் தெரியாது. ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியின் வெளிப்புறம் மங்கினால் கவலையில்லை. உட்புறம் மங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை வெயிலில் காயவைக்காமல் இரண்டொரு நாளில் சர்வீசுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அசல் எது, திருத்தியது எது என்ற பேச்சு கட்டாயம் வரும். ஃபேவர்-லூபா இந்தியாவோடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தொடர்புள்ள பெயர். 1737-ல் தொடங்கிய அந்தப் பெயரை 2011-ல் டைட்டன் வாங்கி வைத்திருந்தது. அதன் சீ கிங், சீ சீஃப், வெஸ்ட் எண்டின் சோவார் பிரைமா, சீக்கோ 5, எச்.எம்.டி. இவையெல்லாம் டயலை மறுபடி அச்சடித்து, பளபளவென்று விற்கப்படுபவை. சேகரிப்பாளர்கள் பம்பாய் ஸ்பெஷல் என்பார்கள். ஐந்து மடங்கு லென்ஸிலேயே தெரியும். எழுத்தின் ஓரம் தடித்துக் கசிந்திருக்கும், நிமிடக் கோடு மணிக் குறியோடு நேராகச் சேராது, தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் வழிந்திருக்கும், அந்த மாடலுக்கு எந்தக் காலத்திலும் இல்லாத நிறம் இருக்கும். சீக்கோவில் பின்மூடி எண் உதவும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 6139 மெஷின் உள்ள வாட்சில் எண் 72 என்று தொடங்கினால் 1977 பிப்ரவரி. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினின் காலத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

இருட்டில் ஒளிரும் பூச்சைப் பார்க்க ஏழரை மணிக்கு விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு முன் எல்லா வாட்சும் தட்டில், எல்லாக் கையும் மடியில். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடித்துவிட்டு அணைத்தால், சூப்பர்-லூமினோவா, சீக்கோவின் லூமிபிரைட் போன்ற இக்காலப் பூச்சுகள் தொடர்ந்து ஒளிரும். கதிரியக்கத்தால் ஒளிர்ந்த பழைய டிரிடியம் பூச்சு டார்ச்சோடு சேர்ந்து சட்டென்று அணையும்; டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுதான் என்பதால் அது தானாக ஒளிர்வதும் நின்றிருக்கும். டயலில் டிரிடியக் குறி இருந்தும் பூச்சு நெடுநேரம் ஒளிர்ந்தால், யாரோ பின்னாளில் பூசியிருக்கிறார்கள். 1960-கள் வரை வந்த வாட்சுகளில் ரேடியம் இருக்கலாம். பூச்சு ஒளிர்வது நின்றிருந்தாலும் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடி முழுதாக இருந்தால் கொஞ்ச நேரம் பார்ப்பதில் பயமில்லை. கண்ணாடி விரிசலாக இருந்தால் ஜிப் உறைக்குள்ளேயே வைத்துக் காட்டுங்கள். சுரண்டவோ திறக்கவோ கூடாது. தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

வார் மாற்றிக் கட்டிப் பார்க்கும் ஆசையும் வரும். வார் மாட்டும் கொம்பான லக்கின் உட்புறம் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் யாரும் கருவியை எடுக்கக் கூடாது, வழுக்கினால் ஆழமான கோடு விழும். வாரைத் தாங்கும் சின்னக் கம்பியான ஸ்பிரிங் பார் தெறிக்கும், அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். ஜனதாவுக்கு 18 மி.மீ. வார். சீக்கோ டைவர்களில் 2.5 மி.மீ. தடித்த பார் வரும். அங்கே மெல்லியதைப் போட்டால் துளையில் ஆடி ஒரு நாள் கழன்றுவிடும்.

சாப்பாடு வாட்ச் எல்லாம் பெட்டிக்குள் போன பிறகுதான். நடுவில் தண்ணீரும் காபியும் வேறு மேசையில், அதுவும் மூடியுள்ள டம்ளரில். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். எட்டேகால் மணிக்குப் பெட்டிகளை மூடி எண்ணிவிட்டு, பரோட்டாவோ கறிதோசையோ, கடைசியில் ஜிகர்தண்டாவோ நிம்மதியாகச் சாப்பிடலாம். பாதாம் பிசினும் நன்னாரிப் பாகும் ஒட்டிய விரலோடு செயின் இணைப்பைத் தொட்டால், அதைச் சுத்தம் செய்யப் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் வேண்டியிருக்கும்.

பாதுகாப்புக்கு வருகிறேன். இடத்தை அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும், அதுவும் அன்று காலையில் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தம் மூன்று வாட்சின் மாடல், வரிசை எண், படம் ஆகியவற்றைத் தம் போனில் வைத்துக்கொள்ளட்டும். ஏற்பாட்டாளர் எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதும். வரும்போது எத்தனை, போகும்போது எத்தனை. வாட்சைக் கட்டிக்கொண்டே வராமல் பையில் கொண்டுவருவது நல்லது, பெட்டியும் பில்லும் வீட்டிலேயே இருக்கட்டும். படம் எடுப்பதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வரிசை எண் தெரியக் கூடாது. போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட வேண்டும். எல்லோரும் வீடு சேரும் வரை எதையும் பகிரக் கூடாது. காப்பீடு வைத்திருப்பவர்கள், வீட்டுக்கு வெளியே கொண்டுபோனால் அது செல்லுமா என்று பாலிசியை ஒரு முறை படித்துவிட வேண்டும். பல பாலிசிகளில் அதற்குத் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

கொண்டுவந்ததில் ஒன்று போலி என்று தெரிந்தால் மேசையில் சொல்லாதீர்கள். அவரிடம் நம்பி யாரோ விற்றிருப்பார்கள், அல்லது மாமனார் போட்டதாக இருக்கும். இரண்டு நாள் கழித்துத் தனியே, என்னென்ன அடையாளம் என்று விளக்கிச் சொல்வதுதான் முறை. விலை கேட்பதும், "எனக்குக் கொடுத்துடுங்க" என்பதும் மேசையில் கூடாது. விற்பனை பேச்சு வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தம் வாட்சைப் பற்றிய குறைகளை மறைக்கத் தொடங்குவார்கள், கற்றுக்கொள்வது அங்கே நின்றுவிடும். வாங்க விரும்புகிறவர்கள் வேறொரு நாள், பில், சர்வீஸ் ரசீது, அடையாளச் சான்று எல்லாம் பார்த்து, வங்கி வழியாகப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளட்டும். கடையில் 10 லட்சத்துக்கு மேல் கைக்கடிகாரம் வாங்கினால் 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கிறார்கள், பான் எண் கொடுத்தால் அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஒவ்வொருவரும் தம் வாட்சை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, நேரம் பிசகுகிறதா, புதுக் கீறல் உண்டா என்று ஏற்பாட்டாளருக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். முந்துகிறது என்று யாராவது எழுதினால் காந்தம் நீக்கும் கருவியோடு அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மாலையில் இரண்டு பேர் வாட்ச் முந்தினால், மேசையில் எந்தப் பக்கம் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அங்கே என்ன இருந்தது என்று தேடினால் காரணம் கிடைத்துவிடும்.